ஸ்டியரிங் பக்கம் போன கை

வேங்கிக்கால்ல எங்க வீட்டு வேப்பமரத்தடியில ஒரு அம்பாசிடர் நிக்குது. 1986 மாடல், மார்க் 4 டீசல். போன வாரம் ஒருத்தர் விலைக்குக் கேட்டு வந்தாரு. பானட்டைத் தொறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது ஒரிஜினல் இன்ஜின் இல்லையே சார்?"

இல்லைதான். அது ஒரு கதை.

அப்பா அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினாரு. 1489 சிசி இன்ஜின், 37 குதிரைத்திறன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுத்த அது தாராளம். ஏலகிரி சவாரின்னாதான் வயித்தைக் கலக்கும். 14 கொண்டை ஊசி வளைவு! 1999-ல போர் தேஞ்சு, புகை கக்க ஆரம்பிச்சுது. ஒருநாள் பாதி மலையில நின்னுடுச்சு. சவாரிக்காரங்க வேற வண்டி பிடிச்சுப் போயிட்டாங்க, வாடகையும் போச்சு.

அப்பதான் மெக்கானிக் அண்ணன் யோசனை சொன்னாரு. கான்டெஸாவுல வந்த இசுசு டீசல், 1995 சிசி, அஞ்சு கியர். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஜோடியா தூக்கி வெச்சுடலாம்னு. கேக்க சுலபம்தான். மவுன்டிங்கை மாத்தணும், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தைச் சரி பண்ணணும், புது கியர் லிவருக்குத் தரையில ஓட்டை போடணும். அம்மாவோட ரெண்டு வளையல் அதுக்குத்தான் போச்சு.

வேலை முடிஞ்சதும் அண்ணன் சொன்னாரு: "விடுங்கண்ணே, யாரு பானட்டைத் தொறந்து நம்பரைப் பாக்கப் போறாங்க?" அப்பா கேக்கலை. பில்லை எடுத்துக்கிட்டு ஆர்டிஓ ஆபீஸுக்கு அஞ்சு தடவை நடந்து, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில ஏத்தின பிறகுதான் சவாரிக்கே எடுத்தாரு.

ஆனா நிஜமான கஷ்டம் அதுக்கப்புறம்தான். பழைய கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே, புதுசு தரையில. பதிமூணு வருஷப் பழக்கம் லேசுல போகுமா? கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலூர் ரோட்டுல, இடது கை காத்துல துழாவ, வண்டி ஆஃப் ஆகி, பின்னாடி பஸ்காரர் ஹாரன் மேல ஹாரன். நாலாம் நாள் சாவியை மாமாகிட்ட குடுத்துட்டு, திண்ணையில உக்காந்துட்டாரு. அம்மா ஒண்ணும் சொல்லலை. வெறும் கையால சோறு போட்டாங்க. அவ்ளோதான். மறுநாள் விடியக்காலை நாலு மணியிலேர்ந்து காலித் தெருவுல பழக ஆரம்பிச்சாரு. என் காலேஜ் ஃபீஸ் அந்த இசுசு கட்டினதுதான்.

உத்தரபாராவுல 2014 மே மாசம் அம்பாசிடர் தயாரிப்பே நின்னு போச்சு. அதனாலயே இப்ப ஒரிஜினலுக்குத்தான் மவுசு. வந்தவர் ஆர்.சி.யைப் பாத்துட்டு, "பேப்பர் பக்காவா இருக்கு, ஆனா பாதி விலைதான் தருவேன்"னாரு. யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

சாயங்காலம் அப்பா தடியை ஊனிக்கிட்டு வந்து டிரைவர் சீட்டுல உக்காந்தாரு. இடது கை தானா மேல எழும்பி, ஸ்டியரிங்குக்குக் கீழே இல்லாத லிவரைத் தேடிச்சு. அப்புறம் மெதுவா தரைப்பக்கம் இறங்கிச்சு.

விக்கலைன்னு போன் பண்ணிட்டேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் இன்ஜின் மாத்தக் கிளம்பிடாதீங்க :-) மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, தயாரிப்பாளர் குடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. முதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல கேளுங்க, அப்புறம் ஸ்பேனரை எடுங்க.