புள்ளியும் தெளிவும்

திரையில் இயங்கும் படம் நுண்ணிய புள்ளிகளாலாயது என்பதை மாணவர் பலரும் அறிவர். புள்ளி மிகுந்துழித் தெளிவும் மிகும் என்னும் கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

1926-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜான் லோகி பேர்டு என்பார் லண்டன் மாநகரில் அறிஞர்க்குக் காட்டிய தொலைக்காட்சிப் படம் 30 கோடுகளே உடையது. 1936-இல் அந்நகரில் பி.பி.சி. ஒளிபரப்பிய படம் 405 கோடுகள்வரை உயர்ந்தது. இன்றோ, 1,920 புள்ளி அகலமும் 1,080 புள்ளி உயரமும் உடைய படத்தில் 20,73,600 புள்ளிகள் உள; 'நான்கு கே' எனப்படும் 3,840க்கு 2,160 என்னும் அளவில் அவை நான்மடங்காம்.

ஆயினும், புள்ளி இடமேயன்றிப் பொருளன்று. அகன்ற முற்றத்தில் நெருங்கப் புள்ளியிட்டும், இழை இழுக்க மாவு ஒரு பிடியே உளதாயின் கோலம் என்னாம்? படத்திற்கு மாவாவது நொடிதோறும் அதற்கு ஒதுக்கப்படும் தரவின் அளவு; இதனைப் பிட் வீதம் என்ப. இது மிகக் குறையுங்கால், ஓடும் நீரும் அசையும் இலையும் சதுரஞ் சதுரமாய்ச் சிதைந்து தோன்றும். புள்ளி எத்துணையிருப்பினும் படம் தேறாது. வில்லை மங்கினும் வெளிச்சம் குன்றினும் அவ்வாறே.

எம் தமிழாசிரியர் 1994-இல் ஓய்வு பெற்ற நாளில் ஆற்றிய உரை வி.எச்.எஸ். நாடா ஒன்றில் உளது. அவர் இன்றில்லை; அவர் நின்று பேசுவதைக் காட்டுவது அஃதொன்றே. அதனைக் கணினியில் 720க்கு 576 புள்ளியாகப் படியெடுத்தோம். நண்பரொருவர் அன்பினால் அதனை மென்பொருள்கொண்டு 'நான்கு கே' அளவிற்குப் பெருக்கித் தந்தார். முகம் பளிங்கென விளங்கிற்று. ஆனால், புருவத்தின்மேல் மங்கிய நிழலாய்த் தெரிந்த தழும்பைக் காணோம். நாடாவில் பதியாத நுட்பங்களை, பல்லாயிரம் பிற முகங்களிற் பயின்ற பழக்கத்தால் ஊகித்து நிரப்புவது அம்மென்பொருளின் இயல்பு. தழும்பை அது கறையெனத் துடைத்துவிட்டது போலும். எம் ஆசிரியரின் துணைவியார் இரண்டையும் நோக்கி, மங்கிய படத்தையே சுட்டி, "இவர்தாம்" என்றார். யாமும் அதனையே பேணுகின்றோம்.

ஆதலின், நண்பர்காள், படக்கருவி வாங்குங்கால் புள்ளிக் கணக்கோடு வில்லையையும் பிட் வீதத்தையும் வினவுமின். இல்லத்தில் பழைய நாடா இருப்பின் விரைந்து படியெடுமின். காந்த நாடா நாளடைவில் நலியும். அதனை ஓட்டும் கருவி செய்வதை ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. படியைப் பெருக்க விரும்பினும், முதற்படியை அழியாது வைம்மின்.