சிவந்த பழம் மட்டும்

ஆந்திரத்தின் குப்பத்தில் காப்பி குடிக்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காப்பிச் செடியைக் கண்ணால் பார்த்தவர்களையும் அப்படித்தான். கிரானைட் லாரியும் பட்டுக்கூடு மூட்டையும் தக்காளிப் பெட்டியும் தெரிந்த ஊர் இது. டீக்கடை பெஞ்சில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்தே ஓடும். இப்படிப்பட்ட ஊரில் காப்பி பேச்சுப்பொருளானது அரசியலால். 1989 முதல் இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. சந்திரபாபு நாயுடு. அவர் அரக்கு காப்பியைத் தூக்கிப் பிடிக்காத மேடை குறைவு. 2024 ஜூன் 30 அன்று பிரதமரும் தம் வானொலி உரையில் அரக்கைப் புகழ்ந்துவிட்டார்.

ஆனால் அரக்கு, மாநிலத்தின் மறுகோடியில், ஒடிசா எல்லையை ஒட்டி இருக்கிறது. காப்பி எப்படி விளைகிறது என்று பார்க்கக் குப்பத்துக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் மாறிச் சேலத்தில் இறங்கினால், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஏற்காடு. நாங்கள் அந்த வழியைத்தான் பிடித்தோம். டிசம்பர், அரபிகா வகைக் காப்பியின் பறிப்பு உச்சத்தில் இருக்கும் மாதம்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சாலையின் இரு பக்கமும் சில்வர் ஓக் மரத்தடியில் பளபளவென்று நிற்கும் பச்சைப் புதர்களுக்கு வயது இருநூறு ஆண்டு. செடிக்கு அல்ல, தொழிலுக்கு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். தமிழ்நாட்டுக் காப்பியில் பழைய பெயர்களுள் ஒன்று இந்த மலை. ஆனால் 2019-இல் கூர்க், வயநாடு, சிக்கமகளூரு, பாபாபுடன்கிரி, அரக்கு ஆகிய ஐந்து பகுதிகளின் காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தப் பட்டியலில் சேர்வராயன் இல்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் குளிர் இன்னும் ஒரு படி இறங்கியது. எட்டு மணிக்கு முன்பே பெண்கள் வரிசை பிடித்திருந்தார்கள். இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு, காலில் தேய்ந்த செருப்பு. அந்த மலையைப் பூர்விகமாகக் கொண்ட மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், பேசுவது தமிழ்தான். சிலருக்குச் சொந்தமாகவும் கொஞ்சம் காப்பி உண்டு. அதைப் பறித்துவிட்டு எஸ்டேட்டுக்கு வருகிறவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

ஒரு கணுவில் பத்துப் பதினைந்து பழம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறம் ஒன்றாக இல்லை. நாலு சிவப்பு, மூன்று மஞ்சள், மீதி பச்சை. மார்ச், ஏப்ரலில் பெய்கிற கோடை மழைதான் மொட்டை விரிய வைக்கும். மழை விட்டு விட்டுப் பெய்தால் பூவும் விட்டு விட்டுத்தான் பூக்கும். எட்டு ஒன்பது மாதம் கழித்து அந்த இடைவெளி நிறமாகத் தெரிகிறது. எனவே ஒரே செடிக்கு ஒரு பருவத்தில் மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டும். முந்திப் பழுத்ததை எடுக்க ஒரு சுற்று, பெரும் பறிப்பு ஒன்று, மிச்சத்தை உருவ ஒன்று, தரையில் உதிர்ந்ததைப் பொறுக்க ஒன்று.

விரல் வேலையைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழத்தை லேசாகத் திருகுகின்றன. காம்பு கிளையிலேயே நிற்கிறது. கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவினால் இலையும் இளங்குருத்தும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த ஆண்டு காய்க்க வேண்டியது அந்தக் குருத்துதான். வரிசையின் ஓரத்தில் இருந்த வயதில் மூத்த ஓர் அக்காவிடம், பச்சையை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“பச்சையும் சேத்து உருவிட்டா சாக்கு சீக்கிரம் ரொம்பிடும் தம்பி. சாயங்காலம் எடை போடுறப்ப மேஸ்திரி கொட்டிப் பாப்பாரு. பச்சை கெடந்தா தனியாப் பொறுக்கச் சொல்லுவாரு. ஒரே கூலிக்கு ரெண்டு வேலை.”

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. எடைக்குக் கூலி கொடுக்கிற இடத்தில் சாக்கு எவ்வளவு சீக்கிரம் நிறைகிறதோ அவ்வளவு காசு. காப்பியின் தரமோ, எவ்வளவு பழத்தைத் தொடாமல் விட்டார்கள் என்பதில் இருக்கிறது. விட்டதற்கு யாரும் கூலி தருவதில்லை. சிவந்ததை மட்டும் பறிக்கச் சொல்கிற தோட்டம் நாள் கூலியோடு தரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிலோ கணக்கையும் நிற ஒழுங்கையும் ஒரே கையிடம் கேட்பது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. ஒரு கிலோ கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்கலாம்.

பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சாக்குக்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும். முதலில் தண்ணீர்த் தொட்டி: சொத்தையும் சாவியும் மிதக்கும், நல்ல பழம் அமிழும். பல்ப்பர் தோலை உரித்துத் தள்ளியதும் கொழகொழப்பான பசையோடு கொட்டை வெளியே வருகிறது. பசை கரைய அரபிகாவைத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் வைக்கிறார்கள். குளிர் கூடினால் நேரமும் கூடும். கடிகாரத்தை நம்பாமல் பல்ப்பர் வீட்டுக்காரர் ஒரு கம்பைக் குவியலில் குத்தி எடுத்தார். குழி மூடாமல் நின்றது. ஒரு பிடி அள்ளித் தேய்த்தார். வழுக்கவில்லை, கூழாங்கல் உரசுகிற சத்தம் வந்தது. “கழுவலாம்” என்றார். இன்னும் சில மணி நேரம் விட்டால் நாற்றம் பிடித்துவிடும், அப்படி ஒரு பிடி கொட்டை மூட்டை முழுவதையும் கெடுத்துவிடுமாம்.

பிறகு களம். சிமெண்ட் தரையிலும் கம்பி வலைத் தட்டுகளிலும் பரப்பி, மரப் பலகையால் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். வெயில் ஒரே பக்கம் அடித்தால் மேல் தோல் வெடிக்கும். சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் இதே வேலை. ஈரம் பத்து, பதினொரு சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். மீட்டர் இருக்கிறது. ஆனாலும் களத்து அம்மா ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாக்கைத் திறக்கச் சொன்னார்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், அந்தக் கொட்டைக்குத் தனிப் பெயர் கிடையாத காலம் ஒன்று இருந்தது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டக்காரர்கள் காப்பி முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலில் சேர்த்தாக வேண்டியிருந்தது. தரம் பிரிப்பார்கள்தான், எந்த மலை, எந்தத் தோட்டம் என்பது குவியலில் கரைந்துபோகும். 1990-களில் படிப்படியாகத் தளர்ந்த அந்த ஏற்பாடு 1996-இல் முற்றிலும் நீங்கியது. பொட்டலத்தில் தோட்டத்தின் பெயரையும் உயரத்தையும் அச்சிட்டு விற்கிற பழக்கம் அதற்குப் பிறகு வளர்ந்ததுதான். அரக்கில் நாந்தி அறக்கட்டளை பழங்குடி விவசாயிகளிடம் பழமாகவே வாங்கி ஒரே இடத்தில் பதப்படுத்தத் தொடங்கியதும், 2017-இல் பாரிசில் கடை திறந்ததும் இந்தக் கதையின் தொடர்ச்சி.

பெயர் கிடைத்தாலும், காப்பிக்கு ஆள் தேவைப்படுவது வருடத்தில் சில மாதம் மட்டும். இலங்கைக் கண்டி மலைகளில் 19-ஆம் நூற்றாண்டில் காப்பி இருந்தவரை, நம் பக்கத்து ஆட்கள் பறிப்புக்குப் போய்விட்டு ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. 1869-இல் அங்கே தலைகாட்டிய இலைத் துரு நோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலையை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும், எனவே ஆட்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலேயே தங்கிப்போனார்கள்.

குப்பம் இருக்கும் சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தமிழக மலை மக்களின் இப்படிப்பட்ட வேலையில்லா மாதங்கள் வேறு வழியில் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலையோர ஊர்க்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்து வளர்ந்தவர்கள், சேர்வராயனில் சாக்கு கட்டி நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரி ஒரு செடியைக் காட்டினார். இலை வாடி மஞ்சளாகித் தொங்கியது, தண்டில் வளையம் வளையமாக மேடு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். நிழல் குறைந்த இடத்தில் வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டுக்குள் சுரங்கம் போடும். மருந்தைவிடக் கைதான் பெரிய வைத்தியம். முட்டையிட இடமில்லாமல் தண்டின் பழம்பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பார்கள், புழு விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரிப்பார்கள். தரையில் உதிர்ந்த பழத்தைக் கடைசிவரை பொறுக்குவதற்கும் ஒரு பூச்சிதான் காரணம். 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் முதன்முதலாகத் தென்பட்ட காய்த் துளைப்பான், விட்டுப்போன ஒரு பழத்தில் ஒளிந்துகொண்டு அடுத்த பருவத்துக்குத் தாவிவிடும்.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் வறட்சி என்றார்கள். அந்த விலை குப்பத்துக் கடைப் பொட்டலம்வரை வந்து சேர்ந்தது. பொட்டலத்தில் 49 சதவீதம்வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் கொடுப்பதால் பல வீடுகளில் கலவை மாறியிருக்கும். அந்த ஏற்றத்தில் கூலிக்கு என்ன வந்தது என்று வரிசையில் கேட்டபோது சிரித்தார்கள். பொங்கலுக்குச் சேலை கொடுத்தார்கள் என்றார் ஒருவர்.

பறிப்பு முடிந்ததும் மிளகு. சில்வர் ஓக்கில் ஏறிப் படர்ந்திருக்கும் கொடியில் ஒற்றை மூங்கில் ஏணி சாய்த்து ஏற வேண்டும். அது ஆண்கள் வேலை, கூலியும் அதிகம். மார்ச்சில் அதுவும் தீர்ந்துவிடும். பிறகு பூ விரிய மழை வரும்வரை கவாத்து, நிழல் வெட்டு என்று ஒரு சிலருக்குத்தான் வேலை. மற்றவர்கள் சேலத்துக்குக் கட்டட வேலைக்கு இறங்கிவிடுவார்கள் என்றார் மேஸ்திரி, எடைத் தராசில் அடுத்த சாக்கைத் தூக்கி வைத்துக்கொண்டே.