வக்கீல் இல்லாமல் நிற்பவருக்கும் விசாரணை புரிய வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் தெருவில் யாருக்காவது ஒருநாள் பயன்படும்.

மருத்துவமனையில் கவனக்குறைவு நடந்தது என்று நினைக்கும் ஏழை எங்கே போவார்? 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சையும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு இது பொருந்தாது. அதற்கு வேறு நீதிமன்றங்களைத்தான் நாட வேண்டும்.

இப்போது நடப்பில் இருப்பது 2019-ம் வருடச் சட்டம். சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நாமே வாதாடலாம். நமக்காக வேறொருவரை முகவராகவும் அனுப்பலாம், அவர் வக்கீலாக இருக்கத் தேவையில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் உள்ளே போனவர்கள் ஏன் திணறுகிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். அவர் கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. கால் எலும்பு முறிந்து ஒரு தனியார் மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டார்கள். அன்று இரவு முழுக்க வலி தாங்காமல் கத்தியதாகவும், காலையில்தான் வந்து பார்த்ததாகவும் அந்தப் பெண் சொல்கிறார். சில நாளில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. கணவர் மனுதாரர், மனைவி அவருக்காக ஆஜராகும் முகவர். ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்ல நான் துணைக்குப் போனேன்.

அங்கே எதிர்த்தரப்பு வக்கீல், “ப்ரூஃப் அஃபிடவிட் தாக்கல் செய்யவில்லை” என்றார். இந்தப் பெண் என் கையைப் பிடித்து, “டீச்சர், எல்லாப் பேப்பரையும்தான் அன்னைக்கே கொடுத்துட்டோமே, இன்னும் என்ன கேக்கறாங்க?” என்றார். புகார் மனு என்பது வேறு, அதில் உள்ளது உண்மை என்று சத்தியம் செய்து தரும் சாட்சியம் வேறு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அமர்விலிருந்த உறுப்பினர் ஒருவர்தான் நிறுத்தி, தமிழில் விளக்கினார்: “அம்மா, நீங்க கொடுத்தது புகார். அதை உங்க கணவர் உறுதிமொழியோட தனியா எழுதித் தரணும். ஆவணத்துக்கெல்லாம் வரிசையா எண் போட்டு அதோட சேர்த்துக் கொடுங்க.” இரண்டு வாரம் அவகாசமும் தந்தார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால், சாட்சியம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வழக்கு தோற்றிருக்கும்.

இப்படி விளக்குவது ஒரு பக்கம் சாய்வதாகாதா என்று சிலர் கேட்கலாம். பார்வையில்லாத மாணவனுக்குத் தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளர் தருகிறோம். அவர் விடை சொல்லித் தருவதில்லை, மதிப்பெண் கூட்டிப் போடுவதும் இல்லை. மாணவனுக்குத் தெரிந்தது தாளில் வர வழி செய்கிறார், அவ்வளவுதான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்வதும் அப்படித்தான். அதை நிரூபிக்கும் பொறுப்பு அந்தப் பெண்ணிடமேதான் இருக்கிறது.

மருத்துவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். சிகிச்சை பலிக்காததெல்லாம் அலட்சியம் ஆகாது. இந்த வழக்கிலும் அந்த இரவு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனை சொல்வது சரியாகவும் இருக்கலாம். இரு தரப்பும் சொன்னது முழுதாகப் பதிவானால்தான் எந்தத் தீர்ப்பையும் நம்ப முடியும்.

இன்னொரு பெரிய சுவர், நிபுணர் கருத்து. ஒரு மருத்துவர் செய்தது தவறு என்று இன்னொரு மருத்துவரை எழுதித் தரச் சொல்லி ஒரு தையல்காரப் பெண் யாரிடம் போய் நிற்பார்? 2010-ல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்றது. அது மலேரியாவுக்குப் பதிலாக டைஃபாய்டுக்கு மருந்து கொடுத்த வழக்கு. சிக்கலான வழக்குகளுக்கு நிபுணர் தேவைதான். அப்போதும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிலைப் பிரமாணப் பத்திரமாக வாங்கலாம் என்று 2002-ல் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் வழி சொல்லப்பட்டிருக்கிறது. எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்யத் தெரியாதவருக்கு இது பெரிய உதவி. இதையும் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

காலமும் ஏழைக்குச் சாதகமாக இல்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் டாக்டர் குணால் சாஹாவின் மனைவி இறந்தது 1998-ல். இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் இறுதி செய்தது 2013-ல். வட்டி நீங்கலாகச் சுமார் 6 கோடி ரூபாய். அவரே ஒரு மருத்துவர், அவருக்கே 15 வருடம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை இழந்து வருபவர் எத்தனை வருடம் தாங்குவார்?

எனக்குத் தெரிந்த சில விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்சுகள் எழுதும் குறிப்பு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. இவர்கள் கையில் இருந்த சம்மரியில் அந்த இரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2. புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு.

3. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100.

4. புரியாவிட்டால், “ஐயா, புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள்” என்று அங்கேயே கேளுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. நர்சுகளின் குறிப்பைத் தாக்கல் செய்யும்படி மனு போட்டிருக்கிறோம். நீதிமன்றப் பணியில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வக்கீல் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி அனுப்புங்கள்.

இப்படி அனுபவப்பட்டவர்கள் கீழே எழுதுங்கள். மருத்துவமனை பெயரோ மருத்துவர் பெயரோ போட வேண்டாம்.