கூஜாவின் மேல் போட்ட பழி

மும்பையில் மழை வருவதை அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. ஆனி மாதத்தையொட்டி ஒருநாள் பிடித்துக்கொண்டால் புரட்டாசி வரையில் விட்டுவிட்டுப் பெய்து தீர்க்கும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைக் கண்ணால் கண்ட அன்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. அன்று வண்டிகளுக்குள் வெள்ளம் கீழேயிருந்து புகுந்தது. நாங்கள் சொல்ல வந்ததோ மேலேயிருந்து, ஓசையின்றிப் புகுந்த நீரைப் பற்றி.

கூரையில் திறந்து மூடும் கண்ணாடிச் சாளரம் உடைய பழைய கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். செம்பூரில் எங்கள் சொசைட்டியில் அதற்குக் கிடைத்த இடம் தூங்குமூஞ்சி மரத்தடி. நல்ல நிழலாயிற்றே என்று மகிழ்ந்தோம்.

தந்தையார் காலமான பின் கும்பகோணத்திலிருந்து தாயாரை எங்களோடு அழைத்து வந்திருந்தோம். இழுப்பு உள்ளவர்; மாதம் இருமுறை வைத்தியரிடம் செல்ல வேண்டும். முன்னிருக்கையில் இடப்பக்கம் அமர்ந்து, பித்தளைக் கூஜாவைக் காலடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள், “கால் வைக்கிற இடமெல்லாம் ஈரமாயிருக்கிறதடா” என்றார். “கூஜாவைச் சரியாகத் திருகி மூடினால் ஏன் ஈரமாகிறது?” என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த முறை கூஜா வரவில்லை. ஈரம் மட்டும் இருந்தது. அப்போதாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆடியில் வண்டிக்குள் நனைந்த கோணிச் சாக்கின் வாடை எழுந்தது. ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தோம். தாயாரின் இருமல் மிகுந்தது. “இந்த ஊர் மழை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என்னை ஊருக்கே அனுப்பிவிடு” என்றார். அங்கே பூட்டிய வீட்டில் அவருக்குத் துணை யார் இருக்கிறார்கள்? பட்டறைக்காரர் முதல்முறை சாளரத்து ரப்பரை மாற்றினார். மறுமுறை முன்கண்ணாடியைச் சுற்றிப் பசை பூசினார். பணம் போயிற்று, நீர் போகவில்லை.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பாலக்காட்டுப் பெரியவர். பரேல் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “மழையில் மட்டும் நனைகிறதா, வெயிலிலும் நனைகிறதா, தம்பி?” என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. வெயில் நாளில் ஏர்கண்டிஷன் ஓடும்போது நனைந்தால் அதன் கழிவுநீர்க் குழாய் அடைபட்டிருக்கும். நிறமும் பிசுபிசுப்பும் தித்திப்பு வாடையும் இருந்தால் இஞ்சின் குளிர்விப்பு நீர். எங்களுடையதோ தெளிந்த நீர், மழையில் மட்டுமே வருவது.

“மாமா, ரப்பரைத்தான் மாற்றியாயிற்றே?” என்றோம். அவர் சிரித்துவிட்டுச் சாளரத்தைத் திறக்கச் சொன்னார். அந்த ரப்பர் நீரை முழுவதும் தடுப்பதற்கானதே அன்றாம். கசிந்து வருவதை ஏற்கச் சாளரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கண்ணாடியோரத் தூண்களுக்குள் இறங்கி நீரை வண்டிக்கு வெளியே விடுகின்றன. வாய்க்காலின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு தம்ளராக மெல்ல ஊற்றினோம். மூன்று மூலைகளில் ஊற்றிய நீர் வண்டிக்கு அடியில் வந்தது. முன்பக்க இடமூலையில் மட்டும் அப்படியே குளமாக நின்றது. தூங்குமூஞ்சியின் பொடியிலைகள் மக்கி, களிம்பு போல் வாயை அடைத்திருந்தன.

காற்றைப் பலமாக ஊதிவிடலாமா என்றதற்கு அவர் கையமர்த்தினார். குழாய் உள்ளே பொருத்திலிருந்து கழன்றுவிட்டால் அப்புறம் மழை முழுவதும் வண்டிக்குள்தான்! தோட்டக்காரரிடம் புல்வெட்டும் இயந்திரத்து நைலான் நரம்பு வாங்கி, நுனியை மழுக்கி, முரட்டுத்தனம் காட்டாமல் சிறுகச் சிறுகச் செலுத்தினோம். கால்மணி நேரத்திற்குப் பின் கறுப்பாக ஒழுகிற்று. பிறகு தெளிந்து ஓடிற்று. முன்கண்ணாடியின் கீழ், வைப்பர் அருகில் உள்ள சல்லடையையும் கழற்றினோம். இரண்டு கை நிறையச் சருகு! அங்கே தேங்கும் நீரும் காற்று புகும் வழியாக இடப்பக்கக் காலடிக்கே வரக்கூடும் என்றார் பெரியவர்.

உலர்த்துவதுதான் பெரும்பாடாயிற்று. மேல் விரிப்பு காய்ந்தாற்போலத் தோன்றினாலும், அடியிலுள்ள பஞ்சு கிணற்றிலிட்ட துணிபோல் ஊறிக் கிடந்தது. பின்பக்கம் கரும்பூசணம் பூத்திருந்தது. தாயாரின் மூச்சுக்கு நாங்கள் வாரந்தோறும் ஊட்டியது இதைத்தான்! அந்தப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதிது போட்டோம். இருக்கைக்கடியில் மின்கம்பி இணைப்புகள் இருந்தமையால் அவற்றில் நாங்கள் கைவைக்காமல் ஒரு மின்வேலைக்காரரை அழைத்தோம். மூன்று நாள் மின்விசிறி ஓடிற்று. பழைய செய்தித்தாள்கள் எல்லாம் செலவாயின.

தாயாரிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள் சிறிது தயக்கம். “கூஜா ஒழுகவில்லை அம்மா, வண்டிதான் ஒழுகியிருக்கிறது” என்றோம். “அது உங்கள் தாத்தா வாங்கியது. இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை” என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் பேச்சை அந்த வாரம் எடுக்கவில்லை. இருமல் முற்றிலும் போய்விடவில்லை என்றாலும் குறைந்திருக்கிறது.

மழை மாதங்களில் ஞாயிறுதோறும் வாய்க்காலில் நீர் ஊற்றிப் பார்க்கிறோம். எங்கள் மகள் குனிந்து பார்த்து, “வருகிறது பாட்டி!” என்று கூவுவாள். ஊற்றுவதற்கு நீர் தருவது அந்தக் கூஜாதான்.