குழந்தையைத் துடைக்கும் துணி

இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில், கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு சிறு வழக்கு அண்மை ஆண்டுகளில் நம்முன் அடிக்கடி வைக்கப்படுகிறது. அது நிலத்தைப் பற்றிய வழக்கன்று. நகையைப் பற்றியதும் அன்று. குழந்தை மலங்கழித்தால் எதைக்கொண்டு துடைப்பது என்பதே வழக்கு. கடையில் விற்கும் ஈரத்தாள் வேண்டும் என்பவர் மருமகள். பழைய வேட்டித் துணி போதும் என்பவர் மாமியார். அந்த ஈரத்தாளை எல்லாரும் 'வைப்ஸ்' என்றே அழைப்பதால் நாமும் அவ்வாறே அழைப்போம். இல்லறம் ஏற்காத குருவிடம் இத்தகைய வழக்கைக் கொண்டுவருவதிலுள்ள வேடிக்கையை இருவருமே கவனிப்பதில்லை. ஆயினும், தலைப்பிள்ளையாய்ப் பிறந்து, தம்பி தங்கையரின் துணிகளைக் கிணற்றடியில் அலசி வளர்ந்தோம் ஆதலால், இதுபற்றிப் பேச நாம் அடியோடு தகுதியற்றவர் அல்லோம்.

விலைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 72 தாள்கள் கொண்ட பொதி ஒன்றின் விலை 144 ரூபாய் என்று கொண்டால், தாளொன்று 2 ரூபாய் ஆகிறது. பச்சிளங்குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்து முறை துணியோ டயாப்பரோ மாற்ற நேர்வது இயல்பே. முறைக்கு இரண்டு தாள் என்றால் நாளைக்கு 40 ரூபாய். மாதத்திற்கு 1,200 ரூபாய். டயாப்பர் செலவு வேறு. நாட்கூலி பெறும் குடும்பத்தில் இத்தொகை இரண்டு நாள் உழைப்பை விழுங்கிவிடக் கூடும். ஆகவே வைப்ஸ் வாங்குவோர் பொதியின் விலையைப் பாராமல் தாளின் விலையைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இவ்வளவு என்று பொதியின்மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற பெரிய எழுத்தைக் கண்டு மயங்காமல், அதைத் தேடிப் படிப்பது நன்று. மூடி இறுக ஒட்டாத பொதியும், மிக மெல்லிய தாளும் மலிவாகத் தோன்றி நட்டத்தையே தரும். முன்னது காய்ந்துபோகும், பின்னதில் ஒன்று போதுமான இடத்தில் மூன்று செலவாகும்.

விலைக்கு அடுத்தது உள்ளடக்கம். வைப்ஸ் என்பது பெயருக்குத்தான் தாள். பெரும்பாலானவை பாலியெஸ்டர் போன்ற நெகிழி இழையும், மரக்கூழிலிருந்து பெறும் விஸ்கோஸ் இழையும் கலந்து, நெய்யாமல் பிணைத்துச் செய்த ஒருவகைத் துணியே. அதில் ஊறியிருப்பது பெரும்பாலும் தண்ணீர். மாதக்கணக்கில் ஈரமாய் இருந்தும் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சில வேதிப்பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் வாய்க்குள் நுழையாத பெயருடைய ஒன்று பலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறதென்று கண்டு, அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று அதனை 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் பட்டபின் கழுவாமல் விடப்படும் பொருட்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்தது. வைப்ஸும் கழுவாமல் விடப்படுவதுதானே! ஆகவே அப்பெயர் காணப்படுவதையும், ஆல்கஹாலோ நறுமணமோ சேர்ந்ததையும் தள்ளிவிடுவது நலம். மணம் பெரியவர்களின் மூக்குக்கு இன்பம். குழந்தைக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

இதைக் கேட்டு, வைப்ஸ் நஞ்சு என்று மாமியார் மகிழ்ந்துவிட வேண்டா. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள் 280 பச்சிளங்குழந்தைகளைக்கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மென்தோலுக்கென்று செய்த ஒருவகை வைப்ஸால் துடைக்கப்பட்ட குழந்தைகளின் தோல், தண்ணீரும் பஞ்சும் கொண்டு துடைக்கப்பட்டவர்களின் தோலுக்கு ஈரப்பதத்தில் குறைந்திருக்கவில்லை என்று அது கண்டது. ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது வைப்ஸ் தயாரிக்கும் நிறுவனமே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. நல்ல வைப்ஸ் தீங்கானதன்று; தண்ணீரைவிட மேலானதும் அன்று. நாம் விலை கொடுப்பது வசதிக்கே.

அப்படியாயின் வேட்டித் துணியே வென்றதா? துணியின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. பலமுறை துவைத்துப் பழகிய நாலுமுழப் பருத்தி வேட்டி ஒன்றில், கரையை நீக்கி, 20 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஏறத்தாழ ஐம்பது துண்டுகள் கிடைக்கும். ஓரத்தை மடித்துத் தைத்துவிட வேண்டும். பிரிந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கிவிடக் கூடும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி உதவாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், அது உறிஞ்சாமல் உருண்டோடுவதைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம். தேங்காய்ப்பூத் துண்டு அழுக்கை நன்றாக வழித்தெடுக்கும். ஆனால் காய நேரம் பிடிக்கும்.

துவைக்கும் முறையிலும் பக்குவம் உண்டு. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுநீரில் இட்டால் கறை பதிந்துவிடும். பிறகு சோப்பிட்டுச் சுடுநீரில் துவைத்து, நுரை போக அலசி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சட்கறை வெயிலிலேயே வெளுத்துப்போகும். துணியை மென்மையாக்கவும் மணக்கச் செய்யவும் விற்கும் திரவம் வேண்டா. அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வைப்ஸைப் போலவே துண்டுகளை முன்கூட்டி நனைத்து டப்பாவில் அடைத்துவைப்போரும் உளர். அது ஆகாது, நம் ஊர் வெப்பத்தில் ஈரத்துணி விரைவில் நாறத் தொடங்கும். துடைக்கும் வேளையில் நனைத்துக்கொண்டால் போதும்.

துணிக்குச் செலவே இல்லை என்று மாமியார் கூறும்போதுதான் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. துவைப்பவர் யார்? இதற்கு நம் பாட்டிமார் இட்ட பெயர் நாகரிகமானதன்று. பீத்துணி என்பதே அது. வளர்ந்த பிள்ளை மதியாமற் போகும்போது, 'உன் பீத்துணியை அலசின கை இது' என்று தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கையின் உழைப்பைக் கணக்கில் எழுதாததால்தான் துணி இலவசமாகத் தோன்றுகிறது. நாம் முன்பு பணியாற்றிய கடலோரப் பங்கு ஒன்றில், தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் தெருக்கள் உண்டு. அங்கே, அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்று இருபது நாள்கூட நிரம்பாத பெண்ணொருத்தி, வாளி தூக்கித் துணி அலசக் கண்டோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிமிர முடிந்தது. கணவன் திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஏனப்பா, நீ அலசினால் என்ன?" என்று கேட்டோம்.

"அது பொம்பளைங்க வேலையில்லையா, சாமி!" என்று சிரித்தான்.

உள்ளேயிருந்து அவன் தாயின் குரல் வந்தது: "எனக்கு யாரு சாமி அலசிக் குடுத்தா?"

அக்கேள்வியில் வலி இருந்தது, நியாயமும் இருந்தது. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருத்திக்குக் கிட்டாத உதவியை இன்னொருத்திக்கும் மறுத்துச் சரிக்கட்டுவது என்ன கணக்கு? உடல் தேறும்வரை வைப்ஸ் வாங்கு. வாங்க மனமில்லையேல் நீயே அலசு என்று மகனிடம் சொல்லி வந்தோம். 1,200 ரூபாயை எண்ணிப் பார்த்தானோ என்னவோ, அவன் அலசவே தொடங்கினான் என்று பின்னர் அறிந்தோம். அயலார் விழிக்குமுன், விடியற்காலையிலேயே அலசி முடித்துவிடுவானாம்.

ஆகவே, நம்மிடம் வழக்குக் கொண்டுவருவோருக்கு நாம் கூறுவது இதுதான். பகலில் வீட்டிலிருக்கும்போது தண்ணீரும் துணியும். இரவிலும், நெடும் பயணத்திலும், தாய் நலிந்திருக்கும் நாட்களிலும் வைப்ஸ். நாளைக்கு நான்கு தாள் என்று நின்றால் மாதம் 240 ரூபாயோடு முடிந்துவிடும். டயாப்பரின் அழுக்குப் படாத ஓரத்தாலேயே முதலில் வழித்துவிட்டால் இன்னும் குறையும். சிறுநீர் மட்டும் கழித்த வேளைகளில் ஒவ்வொரு முறையும் அழுத்தித் துடைக்க வேண்டுவதில்லை. எதைக்கொண்டு துடைத்தாலும், பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னோக்கியே துடைத்து, ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் செல்வோர்கூட, ஒரு சிறு புட்டியில் தண்ணீர், ஐந்தாறு உலர்ந்த துண்டுகள், அழுக்குத் துணிக்கு இறுக மூடும் பை ஒன்று எனக் கொண்டுசென்றால், வைப்ஸ் இல்லாமலே சமாளிக்கலாம்.

பயன்படுத்திய வைப்ஸைக் கழிப்பறையில் போடுவதை மட்டும் எந்த வீட்டிலும் பொறுக்கலாகாது. அது கரையாது. 2017இல் இலண்டன் மாநகரின் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையுமாக இறுகிக் கிடந்த அடைப்பு, கொழுப்பும் இத்தகைய துடைப்பான்களும் சேர்ந்து உண்டானதே. மனிதர் மலக்குழியில் இறங்கும் கொடுமையைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் நம் நாட்டில் இயற்றப்பட்டும், அடைப்பெடுக்க மனிதரை இறக்கி உயிர்ப்பலி கொடுக்கும் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தென்னோலையோடு சேர்த்துக் கொல்லையில் எரிப்பதும் தவறு, எரிவது நெகிழி. காகிதத்தில் சுற்றித் தனியே குப்பை வண்டியில் சேர்ப்பிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஐம்பது துண்டும் போதாமற் போகும். அப்போது அடுப்படியிலோ மின்விசிறியின் கீழோ கொடி கட்டி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம். தொட்டால் சில்லென்றிருக்கும் துண்டு இன்னும் காயவில்லை. அதை மடித்து வைத்தலாகாது.