ஒரு ஷூரிட்டி கையெழுத்து

அப்பா யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். கல்யாண வீட்டில் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேண்டுமென்றால்கூட, பரிமாறுகிறவர் தானாக வரும்வரை இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவி வந்து, ஈஸி சேரில் சாய்ந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டார்.

“டேய், ஒரு நாய் எடுத்துக்கட்டுமாடா?”

நாய்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ‘கட்டுமா’தான் சுருக்கென்றது. எழுபத்தாறு வயது. இருப்பது சொந்த வீடு. அம்மாவுக்கு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோதுகூட எனக்குத் தகவல்தான் வந்தது. அனுமதி யாரும் கேட்கவில்லை.

நான் பி.காம். எழுதிப் பிழைக்க வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு, இடப் பக்கம் பற்று, வலப் பக்கம் வரவு என்று எழுதும் வியாதி போகவில்லை. உடனே உள்ளே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. நாட்டு நாயை வீட்டில் வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் இருக்கும். எழுபத்தாறும் பதிமூன்றும் எண்பத்தொன்பது. தாத்தா போனது எழுபத்தொன்பதில். பத்து வருஷம் துண்டு விழுகிறது.

“என்னப்பா திடீர்னு?” என்று மட்டும் கேட்டேன்.

“சும்மாத்தான்” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

திடீரென்று இல்லை. ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. பெயர் டைகர். கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும் டைகர். 2010-ல் மழைக்கு மடிப்பாக்கம் வீட்டுப் படியில் வந்து ஒதுங்கிய குட்டியை, ‘மழை விட்டதும் போயிடணும்’ என்ற கண்டிஷனோடு உள்ளே விட்டது அம்மா. பதிமூன்று வருஷம் மழை விடவில்லை.

எங்கள் பூர்வீகம் கோவில்பட்டி பக்கம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எங்கள் மண்ணின் நாய்கள் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. 2005-ல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது நாலு வாங்கி, ஒட்டாமல், ரேஷன் கார்டு கவருக்குள் பத்திரப்படுத்தியவர். அவருக்கு வாய்த்ததோ குலம் கோத்திரம் தெரியாத தெருக்குட்டி. ஆனால் அதன் மூக்கைக் காட்டி, “பாரு, கொஞ்சம் சிப்பிப்பாறை இருக்கு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்களும் காபி வரும்வரை ஒத்துக்கொள்வார்கள்.

அம்மா 2021-ல் போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அப்பா பேசியதெல்லாம் டைகரிடம்தான். காலை ஐந்தரைக்கு வாக்கிங், சாயங்காலம் நாலு மணிக்கு வாக்கிங். பால் பூத்காரர், பூக்காரம்மா, இஸ்திரி வண்டி, பிள்ளையார் கோயில் வாசலில் உட்காரும் இரண்டு ரிடையர்டு சார்கள் என்று ஒரு ரவுண்டு. தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. ‘டைகர் தாத்தா’ என்றால் தெரியும்.

2023-ல் டைகருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஒரு வாரம் ஆட்டோவில் அழைத்துப் போய் டிரிப்ஸ் ஏற்றினோம். வேப்பேரியில் இருப்பது 1903-ல் ஆரம்பித்த கல்லூரி. ஒரு தடவை போய் அங்கே உட்கார்ந்து பாருங்கள். கூடையில் பூனை, தோளில் ஆட்டுக்குட்டி, ஏசி காரிலிருந்து இறங்கும் லாப்ரடார், எல்லோரும் ஒரே வரிசையில் நம்பருக்குக் காத்திருப்பார்கள். எட்டாம் நாள் காலையில் டைகர் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்தது. எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே சொல்லிவிட்டார்: “இனிமே வேண்டாம்டா. அடுத்தது வந்தா ஒண்ணு அது என்னைப் பார்க்க விட்டுப் போகும், இல்ல நான் அதைப் பார்க்க விட்டுப் போவேன்.”

சொன்னபடியே இரண்டு வருஷம் இருந்தார். வாக்கிங் நின்றது. ‘முட்டி வலி’ என்றார். சர்க்கரை ஏறியது. பால் பாக்கெட் வாசலுக்கே வர ஏற்பாடு ஆனது. நான் பெரம்பூரிலிருந்து தினமும் ராத்திரி போன் பண்ணுவேன். “சாப்பிட்டீங்களா?” “ம்.” “மாத்திரை?” “ம்.” “வேற?” “ஒண்ணுமில்ல.” போனை வைத்துவிட்டுப் பார்த்தால், நாற்பது செகண்ட் என்று காட்டும்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மீன் தொட்டி வைக்கச் சொன்னார் அத்தை. சித்தப்பா ஒருவர் பச்சைக்கிளி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினார். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதும் விற்பதும் குற்றம் என்று சொல்லி நிறுத்தினேன். “அப்ப ஜோசியக்காரன் மட்டும் வச்சிருக்கான்?” என்றார். அவர் வைத்திருந்தாலும் குற்றம்தான். நட்சத்திர ஆமையும் அதே சட்டத்தில் வருகிறது. நல்லவேளை, அது நீண்ட ஆயுள்காரன். வாரிசுக்கு வாரிசு தேட வேண்டியிருக்கும்.

பிறகு பிரவுனி வந்தது. எங்கள் வீட்டுக்கு அல்ல, பின் தெருவுக்கு. பின் தெருவில் ரிடையர்டு டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். துணைக்குப் பிரவுனி. வயது எட்டு. காதோரம் நரைத்த செம்மறி நிறம். போன வருஷம் டீச்சரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். பிள்ளைகள் வந்தார்கள், காரியம் முடித்தார்கள், ஃபிரிட்ஜையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பூட்டினார்கள். பிரவுனி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் வாடகை ஃபிளாட்டில். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜப்பானில் ஹச்சிகோ என்று ஒரு நாய் இருந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். எஜமானரான பேராசிரியர் 1925-ல் இறந்த பிறகும், 1935-ல் தான் சாகும்வரை, கிட்டத்தட்ட பத்து வருஷம் ஷிபுயா ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்தார்கள், பிற்பாடு சினிமாவும் எடுத்தார்கள். விசுவாசம் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் கதை. இந்தப் பிரவுனியைப் பார்த்த பிறகு எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. நாய்க்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிரவுனியும் தினம் நாலு மணிக்கு அந்தப் பூட்டின கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்குமாம். டீச்சரம்மா பிஸ்கட் போடும் நேரம். இஸ்திரி வண்டிப் பையன் அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கிறான். அப்பா ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறார். மறுநாளும் போயிருக்கிறார். முட்டி வலி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தயாராகப் போனேன். ஆட்சேபணைகளை வரிசையாக எடுத்து வைத்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நகம் பட்டாலே ரத்தம் நிற்காது. சர்க்கரை வேறு. நாய் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், இந்த வயசில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது லேசில்லை. ராத்திரி பாத்ரூம் போகும்போது குறுக்கே படுத்திருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். பேங்க்கில் முப்பத்தைந்து வருஷம் லோன் அப்ளிகேஷன் பார்த்தவர். காலை நடைக்கு இஸ்திரி வண்டிப் பையன், மாதம் இவ்வளவு என்று பேசியாகிவிட்டது. ராத்திரி நடையில் எரிய ஒரு சின்ன லைட். நகம் வெட்ட, குளிப்பாட்ட பக்கத்து கிளினிக். வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி. குட்டி வேண்டவே வேண்டாம், அது ஓடும், கடிக்கும், நம்மையும் ஓட வைக்கும். “இது எட்டு வயசு. அதுக்கும் முட்டி வலி. ரெண்டு பேரும் மெதுவாப் போவோம்.”

என் கணக்கையும் அவரே போட்டுவிட்டார். “இன்னும் அஞ்சு வருஷம்னு வை. எனக்கு எண்பத்தொண்ணு. டேலி ஆகுதா?”

“ஆகலேன்னா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். “அதுக்குத்தான் உன்னைக் கேக்கறேன்.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பா வேலை பார்த்தது கூட்டுறவு பேங்க்கில். தன் சர்வீஸில் யாருக்கும் ஷூரிட்டி கையெழுத்துப் போட்டதில்லை. கூடப் பிறந்த தம்பிக்கே மாட்டேன் என்று சொல்லி, நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். “கையெழுத்துப் போடறது சும்மா இல்லடா. அவன் கட்டலேன்னா நான் கட்டறேன்னு அர்த்தம்” என்று எனக்குச் சின்ன வயசிலேயே பாடம் நடத்தியவர். அவர் இப்போது என்னிடம் ஷூரிட்டி கேட்கிறார்.

நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். “எங்க ஃபிளாட்ல அசோசியேஷன்ல விடமாட்டாங்கப்பா.”

“விட்டுத்தான் ஆகணும்” என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து. “விலங்கு நல வாரியம் 2015-லயே சொல்லிடுச்சு. செல்லப் பிராணி வளர்க்கக் கூடாதுன்னு எந்த அசோசியேஷனும் தடை போட முடியாது. நீங்கதானே அதைப் பத்தி எழுதினீங்க?”

எழுதியதுதான்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று பைக்கை எடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க அந்தக் கணக்குதான். நாமினி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யோசித்தேன். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு பேங்க் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். அப்பாவின் சேமிப்புக் கணக்கில் சில ஆயிரம் ரூபாய் இருக்கும். அதற்கு நாலு வாரிசு! அதே 2025-ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது. நாய் யாருடையது என்று அதில் பதிவாகிவிடும். அவருக்கு அப்புறம் யார்?

ரத்தன் டாடா 2024 அக்டோபரில் காலமானபோது, டிட்டோ என்ற தன் நாய்க்கு உயிலில் ஏற்பாடு செய்திருந்தார் என்றும், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடைய சமையல்காரருக்கு என்றும் பத்திரிகைகள் எழுதின. நாய் பெயருக்கு நேரடியாக எழுதிவைக்க நம் சட்டத்தில் வழியில்லை. நாயே ஒரு சொத்துதான், சொத்துக்குச் சொத்து எழுத முடியாது. ஒரு மனிதரைத்தான் தேட வேண்டும். அத்தனை பெரிய பணக்காரருக்கும் கடைசியில் ‘நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறார். அப்பாவுக்கு இருப்பது பெயருக்கு ஒரு பி.எஃப். பென்ஷன், கொஞ்சம் டெபாசிட் வட்டி, அப்புறம் நான்.

எனக்கு நாயிடம் பயமில்லை. செலவும் பெரிதில்லை. டைகருக்கு நானும்தான் ஊசிக்குப் பிடித்திருக்கிறேன். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பால்கனியில் நின்றபோதுதான் உறைத்தது. ‘பிரவுனியை நான் பார்த்துக்கறேன்’ என்று நான் சொல்ல வேண்டுமானால், முதலில் அப்பா இல்லாத ஒரு நாளை நான் மனசுக்குள் கொண்டுவர வேண்டும். பூட்டிய மடிப்பாக்கம் வீடு. கேட்டுக்கு வெளியே நாய். கையில் சாவியோடு நான். அவர் அந்த நாளைப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார். நான்தான் பார்க்க மாட்டேன் என்று இரண்டு வாரமாக இடுப்பு எலும்பையும் அசோசியேஷனையும் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மூன்று பேருமாகப் போனோம், மகள் உட்பட. அப்பா ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து வந்தார். கார்பன் வைத்து இரண்டு காப்பி. இந்தக் காலத்தில் கார்பன் பேப்பர் எங்கே கிடைக்கிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பேங்க் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

பெயர் பிரவுனி, பெண், வயது சுமார் எட்டு. கருத்தடை ஆகிவிட்டது. ரேபிஸ் ஊசி அடுத்து போட வேண்டிய மாதம். சாப்பாடு இரண்டு வேளை. வெங்காயம், சாக்லேட், திராட்சை எக்காரணம் கொண்டும் கூடாது. பட்டாசுச் சத்தத்துக்குப் பயம், தீபாவளிக்கு உள் ரூமில் ரேடியோ போட்டு வைக்கவும். இடது காதில் தொட்டால் பிடிக்காது. இதற்கென்று தனியாக ஒரு டெபாசிட் ரசீது, நம்பரோடு. டாக்டர் போன் நம்பர். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பிஸ்கட், அவசியம்.

கடைசியில், ‘எனக்குப் பிறகு அல்லது என்னால் முடியாதபோது பொறுப்பேற்பவர்’ என்று எழுதி, புள்ளி புள்ளியாக ஒரு கோடு. அதற்குக் கீழே சாட்சி என்று இன்னொரு கோடு.

மனைவி சாட்சிக் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டாள். “மாமா, பேனா எழுதலை, அழுத்தித்தான் போடணும்” என்று பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான் அழுத்திப் போட்டேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேல் காப்பி, கீழ் காப்பி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தேதி போடலையேடா.”

போட்டேன். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றதை மடித்து, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் ஃபைலில் செருகினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. ஆணியில் தொங்கிய டைகரின் பழைய வாரை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடினார்.