இன்றைக்கு என்ன குரல்?

மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்களில் பலருக்கு முதல் வர்ணம் என்பது கேன்டீனில் காபியை முடிக்கிற நேரம். பாடுகிறவருக்கோ அந்தச் சில நிமிஷங்கள்தான் அன்றைய கச்சேரியின் தலையெழுத்து. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி முறையில் வர்ணம் முன்னால் நிற்பது சும்மா இல்லை. அதில் நிரவல் கிடையாது, மனசு கற்பனைக்கு அலைய வேண்டாம். சாரீரம் மட்டும் மேலும் கீழும் போய்வந்து வேலை பார்க்கும். பைரவியில் ‘விரிபோணி’ வர்ணத்தை இரண்டு காலம் பாடி முடிப்பதற்குள், இன்றைக்குத் தன் தொண்டை எது வரைக்கும் வரும், எங்கே மக்கர் பண்ணும் என்று வித்வானுக்குத் தெரிந்துவிடும்.

பாட்டு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். இத்தனை காலத்தில் எனக்குப் பட்டது ஒன்றுதான். குரலை ஏவக் கூடாது. தினமும் காலையில் அதை விசாரிக்க வேண்டும். நேற்று உருண்ட பிருகா இன்றைக்கும் உருளும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

தூங்கி எழுந்ததும் குரல் கனத்து இறங்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். இரவெல்லாம் படுத்திருந்ததில் குரல்நாண்கள் லேசாக உப்பி, சளியும் படிந்திருக்கும். தடித்த நாண் மெதுவாகத்தான் அதிரும். ஆகவே அந்த வேளையில் கீழ் ஸ்தாயி கூப்பிடாமலே வரும். பழைய வாத்தியார்கள் விடிகாலைக்கு மந்தர ஸ்தாயி சாதகம் என்று வைத்தது இதோடு ஒத்துப்போகிறது. சுருதியைப் போட்டுக்கொண்டு, ஆதார ஷட்ஜத்தில் நின்று, ஸா நி தா பா என்று மந்தர பஞ்சமம் வரை இறங்கி, ஒவ்வொரு ஸ்வரத்திலும் மூச்சு உள்ள மட்டும் கார்வை. சத்தம் வேண்டியதில்லை. பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துகொள்ளாத அளவுக்குப் பாடினால் போதும்.

மேல் ஸ்தாயிக்கு அவசரப்படக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஐந்து கட்டை சுருதியில் பாடுகிற பெண்ணுக்கு ஆதார ஷட்ஜத்தில் நாண்கள் நொடிக்குச் சுமார் 196 தடவை மோதிப் பிரிகின்றன. மேல் ஷட்ஜத்தில் அது 392. கட்டை விரல் அகலம்கூட இல்லாத இரண்டு மடிப்புகள் செய்கிற வேலை இது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரை எழுப்பி ஓடச் சொல்வோமா?

என்னிடம் ஒரு பெண் வருகிறாள், பத்தாம் வகுப்பு. ஆறரைக்கு வந்தால் ஏழே காலுக்கு ஸ்கூல் வேன். செருப்பைக் கழற்றும்போதே, “டீச்சர், நேரா கீர்த்தனைக்குப் போயிடலாமா?” என்பாள். அவளைப் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும். மேலே போகப் போக தாடை முன்னால் வரும், தோள் காதுக்கு ஏறும், கழுத்தில் இரண்டு பக்கமும் நரம்பு புடைக்கும். ஸ்வரம் சேர்ந்துதான் இருக்கும். ஆனால் அதைத் தொண்டை தூக்கவில்லை, கழுத்து தூக்குகிறது. ஒருநாள் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, சின்னப் பிள்ளை பஸ் ஓட்டுகிற மாதிரி உதட்டை ‘புர்ர்’ என்று அடித்துக்கொண்டே சரளி வரிசை பாடச் சொன்னேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாலாவது வரிசையில் தோள் தானாகக் கீழே இறங்கியதை அவளே கண்ணாடியில் பார்த்தாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வாய் குறுகினால் வெளியே போகிற காற்று கொஞ்சம் திரும்பி அழுத்தும். அந்த அழுத்தத்தில் நாண்கள் அடித்துக்கொள்ளாமல் மெதுவாகச் சேரும். அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி, ஸ்ட்ராவை வாயில் வைத்து அதற்குள் பாடுகிற பயிற்சியைப் பரப்பியதும் இதே காரணத்துக்குத்தான். வாயை மூடி ‘ம்’ என்று சுருதி சேர்ப்பதும் இந்த வகைதான். பிறகு அகாரம், அதற்குப் பிறகு ஜண்டை வரிசை, மூன்று காலமும். கீர்த்தனைக்கு நேரம் இல்லாமல் போனால் போகட்டும்.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சாப்பிடுங்கள், இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. நாளெல்லாம் குடிக்கிற தண்ணீர் உடம்பு வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும். மேடையேறும்போது குடிக்கிற சொம்புத் தண்ணீரை நம்பாதீர்கள். ஆவி பிடித்தால் ஈரம் நேராகவே நாணுக்குப் போகும். பாடுவதற்கு முன் பெரிதாகக் கனைப்பது மட்டும் வேண்டாம். அது இரண்டு நாணையும் மோத விடுவது. குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் கை வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

குரல் வரமாகக் கிடைக்கவில்லை என்று அழுகிறவர்களிடம் செம்மங்குடி சீனிவாச ஐயரைச் (1908–2003) சொல்வேன். இனிமையான சாரீரம் என்று அவருடைய ரசிகர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். அசுர சாதகம் பண்ணி அந்தக் குரலையே தனக்கு இணங்க வைத்தார். 39 வயதில், 1947இல், சங்கீத கலாநிதி. தன் குரலின் சண்டித்தனம் முழுவதையும் தெரிந்து வைத்திருந்தவர் என்பதுதான் என் அபிப்பிராயம். நல்ல குரல் வாய்த்தவர்களில் பலருக்கு இந்த விசாரணையே தோன்றுவதில்லை. நாற்பதில் குரல் முரண்டு பிடிக்கும்போது திகைத்துப்போகிறார்கள்.

வயதானால் பெண் குரல் இறங்கும். ஐந்தரைக் கட்டையில் பாடியவள் இப்போது நாலரைக்கு வந்திருக்கிறேன். அனுதாபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, முன்பு எட்டாத மந்தர ஸ்வரங்கள் இப்போது கைக்கு வந்திருப்பதே லாபமாகத் தெரிகிறது.

பாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று இந்தக் குரல் விசாரிப்பை ஒதுக்காதீர்கள். தொண்டையால் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! எங்கள் எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத் தமிழம்மா இருக்கிறார். காலமெல்லாம் வகுப்பறை இரைச்சலுக்கு மேல் கத்தியதில் குரல் கரகரத்துக் கிடந்தது. மருத்துவரிடம் காட்டிவிட்டு, நான் சொன்னபடி தினமும் ‘ம்’ சாதகம் பண்ணுகிறார். பால் பாக்கெட்டை எடுக்க வரும்போதே ஆரம்பித்துவிடுகிறார். கரகரப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. வருகிற மார்கழியில் கோயிலில் திருப்பாவை பாட வேண்டுமாம், என்ன கட்டை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். மூன்று என்றேன். நாலு கட்டையாவது கொடுங்கள் என்று இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.